முகூர்த்தச் சர்க்கரை

எனக்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராகச் சேர்ந்திருக்கும் கீர்த்தனா போன மாதம் போனில் அழைத்தாள். இப்போதெல்லாம் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடுவதற்கு முன்னால் தட்டைப் போட்டோ எடுத்து ஆப்பில் அனுப்ப வேண்டுமாம். ஒருவர் பதினோரு நாளாக ஒழுங்காக அனுப்புகிறாராம். இரண்டு சப்பாத்தி, ஒரு கரண்டி பாசிப்பருப்பு, நான்கு துண்டு வெள்ளரிக்காய். ரத்தத்தில் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. "மாத்திரையை மாத்தச் சொல்லலாமா மேடம்?" என்று கேட்டாள். படங்களை எனக்கு அனுப்பச் சொன்னேன். பதினொன்றிலும் ஒரு வெள்ளரித் துண்டு தட்டின் விளிம்பில் அதே மாதிரி சாய்ந்து கிடந்தது. மனிதர் ஒரு நாள் பத்தியம் இருந்து, அதைப் பதினோரு நாள் அனுப்பியிருக்கிறார்.

கீர்த்தனாவுக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சர்க்கரை ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். என் அனுபவத்தில் இப்படிப் பொய் சொல்கிறவர்கள் குறைவுதான். உண்மையை மட்டுமே சொல்லி நம்மை ஏமாற்றுகிறவர்கள்தான் அதிகம். இதைச் சொன்னதும் "எழுதி வையுங்க மேடம்" என்றாள். ஓய்வு பெற்றவளிடம் யாராவது எதையாவது கேட்டால் விடுவேனா?

படித்தது கோயம்புத்தூரில், பயிற்சி சென்னையில் ஆறு மாதம். அங்கே கற்றுக்கொடுத்த உணவு அட்டவணையில் ஓட்ஸும் ஆப்பிளும் இருந்தன. மல்லசமுத்திரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவரிடம் அதை நீட்டினேன். அவர் ஓட்ஸ் பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்டு, "அது மாட்டுக்குங்களா, மனுசனுக்குங்களா?" என்றார். ஒரே மாதத்தில் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு ராகிக் களிக்கும் கொள்ளுக்கும் வந்து சேர்ந்தேன். ஜனங்கள் எனக்குச் சோத்து டாக்டரம்மா என்று பேர் வைத்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி, பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டிபன் கடை உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, அங்கே போய்ச் சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். எல்லோரும் இரண்டு இட்லி, சாம்பார் மட்டும். சட்னியைக்கூடத் தொடமாட்டார்கள். இவ்வளவு கட்டுப்பாடான ஜனங்களா என்று ஆரம்பத்தில் நான் வியந்து போனேன். கடைக்காரர்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அது மொதப் பந்திங்க அம்மா. ரெண்டாந்தடவ ரத்தம் குடுத்துட்டு வந்து பூரி திம்பாங்க பாருங்க, அதுதான் நெஜப் பந்தி."

எங்கள் பெரிய டாக்டர் இதற்கெல்லாம் அசரமாட்டார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நோயாளி உள்ளே வந்ததும் எதிரே உட்காரச் சொல்லமாட்டார். கட்டிலில் உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றச் சொல்லி, தான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்து காலை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். டார்ச் அடித்து விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பார்ப்பார். அப்புறம் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு "தெரியுதுங்களா, தெரியுதுங்களா?" என்று கேட்பார். சர்க்கரை முற்றினால் காலுக்கு உணர்ச்சி போகும், முள் குத்தினாலும் தெரியாது. எத்தனை இடத்தில் தெரியவில்லை என்று நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ள வேண்டும்.

காலை மடியில் வைத்துக்கொண்டேதான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். டாக்டர் தன் காலைத் தொடுகிறாரே என்ற கூச்சத்தில் ஒருவருக்கும் பொய் வராது. என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் அவர் கேட்கவே மாட்டார். நான் சேர்ந்த முதல் வருடம் அதற்குக் காரணம் தெரிந்தது. ஓர் அம்மாள் என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குள் வந்தார்: காலையில் களியும் கீரையும், மத்தியானம் கைப்பிடி சோறு, ராத்திரி இரண்டு கோதுமை தோசை. ரத்தமோ வேறு கதை சொன்னது.

"நேத்துக் காலைல இருந்து எங்கெங்கம்மா போனீங்க?" என்றார் டாக்டர்.

"எங்கீங்க போறது. என்ற தங்கச்சி ஊட்டுக்கு ஒரு எட்டுப் போனனுங்க. வர்ற வழீல பங்காளி புது ஊட்டுல பால் காச்சுனாங்க. சாயந்தரம் கோயிலுக்கு."

"தங்கச்சி வீட்ல என்ன குடுத்தாங்க?"

"காப்பி. ரெண்டு வாழப்பழம். வேண்டான்னா மூஞ்சியத் தூக்கிக்குவாங்க."

"பால் காச்சின வீட்ல?"

"பாலுங்க, அப்புறம் கேசரி. நல்ல காரியத்துல போயி வேண்டாங்கலாமுங்களா?"

"கோயில்ல பஞ்சாமிர்தம்."

"ஆமாங்க. அதெல்லாம் சாப்பாடுங்களா டாக்டரே? ஒண்ணு மருவாதி, ஒண்ணு பிரசாதம்."

அந்த அம்மாள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இலையோ தட்டோ போட்டு, வயிறு நிறையத் தின்பதற்குத்தான் சாப்பாடு என்று பெயர். நின்றுகொண்டு வாயில் போட்டுக்கொள்வதெல்லாம் கணக்கிலேயே வராது. அன்றிலிருந்து என் நோட்டில் கலோரி எழுதும் இடத்தில் எத்தனை வீடு, எத்தனை கோயில் என்று எழுத ஆரம்பித்தேன்.

"சக்கரை இருக்குன்னு சொல்லி வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சொன்னா, ஒரு நாளைக்குத் தின்னா ஒண்ணும் ஆவாதுன்னு ரெண்டா வெப்பாங்க. வயித்துல புண்ணுன்னு சொல்லச் சொல்லும்மா. புண்ணுக்கு எல்லாரும் பயப்படுவாங்க" என்றார். அப்படியாக, நோயாளிகளுக்கு நானே பொய் சொல்லிக் கொடுக்கும்படி ஆயிற்று.

காளியப்பர் எங்களிடம் வந்தது அதற்கு இருபது வருடம் கழித்துத்தான். மல்லசமுத்திரம் பக்கத்தில் குச்சிக்கிழங்கும் கடலையும் போடுகிற விவசாயி. அறுபதைத் தொட்ட வயது, வெள்ளை வேட்டி சட்டை, மெதுவான பேச்சு. அவருடைய ஃபைல் எனக்கு ஒரு புதிராகவே இருந்தது. ஒரு தடவை வந்தால் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்படலாம் போல ரத்தம் சுத்தமாக இருக்கும். அடுத்த தடவை எகிறி நிற்கும். வீட்டில் அவர் மனைவி பாவாயி அம்மாள் காபிக்குச் சர்க்கரை போடுவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் என் மேஜை மேல் இருந்த தினசரி காலண்டரை அந்த ஃபைலோடு வைத்துப் பார்த்தேன். ஆடியிலும் மார்கழியிலும் மனிதர் தங்கம். தையில், வைகாசியில், ஆவணியில் ஏறியது ஏறியதுதான். கல்யாணம் இல்லாத மாதத்தில் இறங்குகிறது, முகூர்த்த மாதத்தில் ஏறுகிறது. டாக்டரிடம் காட்டினேன். "இது முகூர்த்தச் சக்கரைம்மா" என்றார்.

கேட்டபோதுதான் காளியப்பர் சொன்னார், அவர் ஓர் அருமைக்காரர். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பத்துக் கல்யாணங்களில் சீர் என்கிற சடங்குகளை முன்நின்று நடத்தித் தாலி எடுத்துக் கொடுக்கும் மூத்தவருக்கு அந்தப் பெயர். அவர் இல்லாமல் மணவறையில் ஒன்றும் நகராது. அவரை உபசரிப்பதில் குறை வந்துவிடக் கூடாது என்று இரண்டு வீட்டாரும் போட்டி போடுவார்கள். முதல் நாள் மாலையே மண்டபத்துக்குப் போனால் பலகாரம். விடிந்ததும் காபி. முகூர்த்தம் முடிந்ததும் பாலும் பழமும். பந்தியில் இரண்டு இனிப்பு, பாயசம். கிளம்பும்போது, "சும்மா போகக் கூடாதுங்க" என்று இன்னொரு காபி.

"வயித்துல புண்ணுன்னு சொல்லிப் பாருங்க ஐயா" என்றேன்.

"அருமைக்காரன் சீக்குன்னு சொல்லப்படாதுங்க அம்முணி" என்றார் அவர். "சீக்காளி கையில தாலி எடுத்துக் குடுக்கறதாங்கற பேச்சு வந்துருச்சுன்னா, அப்புறமேட்டுக்கு ஒருத்தரும் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட மாட்டாங்க. எனக்குச் சக்கரைங்கறது பாவாயிக்கும் உங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும். உங்களோடயே இருக்கட்டும்."

சரி என்றேன். அவருக்காக ஒரு தனித் திட்டமே போட்டேன். முகூர்த்தத்துக்கு முந்தின வேளை இவ்வளவு, பிந்தின வேளை இவ்வளவு. பாயசத்தை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைக்க வேண்டும். இனிப்பைக் கிள்ளிவிட்டு மீதியைப் பக்கத்துக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் அது ஓரளவு நடந்தது. ஆனால் டாக்டரின் நைலான் இழை அவர் பாதத்தில் பத்தில் மூன்று இடத்தில் தெரியாமல் போயிருந்தது. அடுத்த தடவை ஐந்து. எனக்குப் பயம் வந்தது.

அந்த வைகாசியில் திருச்செங்கோட்டில் என் கணவர் வகையில் ஒரு கல்யாணம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால், எதிர் வரிசையில் காளியப்பர். காலையில் மணவறையில் அவரைப் பார்த்திருந்தேன். அவ்வளவு சுத்தமான வேலை. ஒரு சீர் கூட முன்பின் ஆகவில்லை. இப்போது அவர் இலையில் ஜாங்கிரி. அதைத் தின்றார். பாயசம் வந்தது, டம்ளரைக் காலி செய்தார். பரிமாறுகிற பையன் இன்னொரு ஜாங்கிரியை எடுத்துக் கையை நீட்டினான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முந்தின வாரம்தான் அவர் காலைப் பார்த்திருந்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், சொந்தக்காரர்கள் மத்தியில் நானும் ஒரு ஆள் என்று காட்டிக்கொள்ளும் திமிரும் கொஞ்சம் இருந்தது.

"ஐயா, போதும். வெக்க விடாதீங்க. போன வாரந்தான் சக்கரை முந்நூறுக்கு மேல இருந்துச்சு. கால் மரத்துப் போறது தெரியுதல்ல?" என்றேன். கிளினிக்கில் காது மந்தமானவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய குரல். பந்தி முழுக்கக் கேட்டது.

பையனின் கை அப்படியே நின்றது. பக்கத்து இலைக்காரர், "ஏனுங்க மாமா, உங்களுக்குச் சக்கரைங்களா? சொல்லவேயில்லீங்களே" என்றார். காளியப்பர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க அம்முணி" என்று மட்டும் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆடி போனது, ஆவணி போனது, தீபாவளியும் போனது. காளியப்பர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் டாக்டர் அவருடைய ஃபைலைத் தேடி எடுத்துக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் யாரையும் திட்டமாட்டார் என்று முன்பே சொன்னேன் அல்லவா, அன்றைக்கும் திட்டவில்லை. "வர்றவங்களையெல்லாம் எங்கெங்க போனீங்கன்னு கேக்கறோம். நீ அவரு வீட்டுக்குப் போனியாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் பாவாயி அம்மாள் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வாங்க என்றார். அவர்கள் வீட்டில் விரோதிக்கும் அதே வாங்கதான். உள்ளே போகும் முன்பே தணிந்த குரலில் சொன்னார்:

"மூணு ஊட்டுக்காரங்க பத்திரிக மட்டும் வெச்சுட்டுப் போயிட்டாங்க. சீருக்கு வேற ஆளு. அதுல இருந்து மாத்தர போடறதில்லீங்க. நாந் திங்காம இருந்து ஆருக்கு ஆவப்போவுதுங்கறாரு. சாயந்தரமானா கடைக்குப் போயி மிச்சரும் லட்டும் வாங்கியாந்து வெச்சுக்கறாரு."

மரியாதைக்காகத் தின்ற மனிதர் இப்போது மரியாதை போனதற்காகத் தின்றுகொண்டிருந்தார். வீட்டில் இத்தனை வருடம் காத்த பத்தியத்தை நான் ஒரே வாக்கியத்தில் முறித்திருந்தேன்.

காளியப்பர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தின் மேல் ஒரு துண்டு போட்டிருந்தார். அறைக்குள் நுழைந்ததுமே அந்த வாடை எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமலே துண்டை எடுத்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. "செருப்புக் கடிச்சுதுங்க. வலியே இல்லீங்க" என்றார் அவர், என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போல. நான் அழுதுவிட்டேன். முப்பத்தொரு வருட வேலையில் நோயாளி முன்னால் அழுதது அந்த ஒரு தடவைதான். "உங்களால ஒண்ணுமில்லீங்க அம்முணி, அழுவாதீங்க" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அழுகை அதிகமாயிற்று. பக்கத்து வீட்டுக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே சேலம் வந்தோம். விரலை எடுக்க வேண்டியிருந்தது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் மாதம் தவறாமல் வந்தார். ரத்தம் எல்லா மாதமும் ஒரே மாதிரி நன்றாக இருந்தது. ஃபைலைப் பார்த்து சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. தையிலும் ஆடியிலும் ஒரே அளவு என்றால், தையிலும் அவரை யாரும் கூப்பிடவில்லை என்று அர்த்தம்.

இரண்டு வருடம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வெற்றிலை பாக்குத் தட்டோடு நானும் என் கணவரும் காளியப்பர் வீட்டுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் என் கணவர், ஊர் என்ன சொல்லும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். காளியப்பரும் அதையேதான் கேட்டார்.

"வெரலு இல்லாதவனக் கூப்பிடறீங்களே. மாப்பிள்ள ஊட்டுல ஏதாச்சும் நெனைக்கப் போறாங்க."

"நீங்க வராட்டி நான் தேதியத் தள்ளி வெச்சுக்கறேன் ஐயா" என்றேன். அவர் பாவாயி அம்மாளைப் பார்த்தார். பாவாயி அம்மாள் என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று கார் நிற்கும் இடத்திலிருந்து மணவறை வரைக்கும் ஜமுக்காளம் விரிக்கச் சொல்லியிருந்தேன். வெறுங்காலோடு நடக்கிறவருக்குக் கல் குத்தக் கூடாது. விரல் போன காலை லேசாகச் சாய்த்து வைத்து நடந்தார். மணவறையில் உட்கார்ந்ததும் பழைய காளியப்பர்தான். ஒவ்வொரு சீரையும் அதனதன் நேரத்தில் நடத்தினார். தாலியை அவர் எடுத்துக் கொடுத்தபோது என் கணவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் மறுபடி ஒரு தப்பு செய்தேன். பரிமாறுகிறவர்களிடம், அருமைக்காரர் இலைக்கு இனிப்பு வைக்காதீர்கள் என்று ரகசியமாகச் சொல்லிவைத்திருந்தேன். மைசூர்பாகு வந்தது. அவர் இலையைத் தாண்டிப் போனது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லா இலையிலும் மஞ்சளாக ஒரு துண்டு. அவர் இலை ஓரம் மட்டும் காலி. காளியப்பர் நிமிர்ந்தார்.

"அம்முணி, இந்த எலைக்கு இனிப்பு வெக்கலீங்க" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தாம்பாளத்தை நானே வாங்கிக்கொண்டு போனேன். நோயாளி இலையில் என் கையால் இனிப்பு வைத்ததில்லை. வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து இலையில் இருந்த பையன் பக்கம் நகர்த்தினார்.

"நீ தின்னு சாமி. எனக்குச் சக்கரை" என்றார். குரலைத் தணிக்கவில்லை. பந்தியின் கடைசி இலைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் நாலு இலை தள்ளி ஒரு பெரியவர், "அப்படின்னா எனக்கும் எடுத்துருங்க கண்ணு. எனக்கும் இருக்குது" என்றார். எதிர் வரிசையில் ஓர் அம்மாள் தன்னுடையதை எடுத்துத் தாம்பாளத்திலேயே போட்டார். இன்னொருவர், அதற்கப்புறம் இன்னொருவர். நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனது பரிமாறுவதற்கு. அது கனத்துக்கொண்டே வந்தது. வரிசைக் கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா. நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் குடும்பம். பெண் பார்க்க வந்தபோது, எங்கள் பரம்பரையிலேயே சர்க்கரை கிடையாது என்று மூன்று தடவை சொன்னவர், அந்த மூன்று தடவைக்கு நடுவே இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போனவர். இப்போது தன் மைசூர்பாகை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், தாம்பாளத்தில் வைத்தார்.

கை கழுவும் இடத்தில் காளியப்பரை ஒருவர் பிடித்துக்கொண்டார். "மாமா, ஆவணியில எங்க பொண்ணுக்கு முகூர்த்தம். நீங்கதான் வந்து நடத்திக் குடுக்கோணும்."

காளியப்பர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வாரேன்" என்றார். "ஆனா எலையில இனிப்பு வெக்கோணும். திங்கறதும் திங்காததும் என்ற பாடு. வெக்காம மட்டும் உட்றாதீங்க."